எங்கள் ஸ்டேஷன் சுவர் ஒழுகாது, வேர்க்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக் கொள்ளுங்கள். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் நான் எழுதினதெல்லாம் மளிகைக் கடைக்குக் கொடுத்தனுப்புகிற சீட்டுத்தான். இதைப் பார்த்துவிட்டு என் மருமகள், "இன்னாத்தே, நடுவுல புளி அரைக் கிலோன்னு வந்துடப் போவுது" என்கிறாள். வந்தால் அதை அடித்துவிட்டுப் படியுங்கள். மறதியும் ஜாஸ்தி. முன்னால் நடந்தது பின்னால் வரும், பின்னால் நடந்தது முன்னால் வரும்.

பேசவும் எனக்கு வராது. நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்து கொள்ளும். எங்கள் துப்புரவு வேலைக்காரர்கள் சங்கத்தில் மேடையேறி அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். மேடைக்குப் பயந்துதான் பத்திரிகையில் எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பட்டணத்தில் மண்ணுக்கு அடியில் ஓடுகிற ரயிலைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று போட்டிருக்கிறார்கள். சங்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். வழவழ என்று காகிதம். மடியில் வைத்தால் தொடை வலிக்கிறது. லைனை எப்படித் தோண்டினார்கள், ஒவ்வொரு ஸ்டேஷனும் எப்படி வந்தது என்று பக்கத்துக்குப் பக்கம் படம். நான் வேலை பார்த்த ஸ்டேஷனுக்கும் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பூச்செடி.

"இந்தச் செடிக்குப் பின்னால இன்னா இருந்துச்சுன்னு எழுதுங்கம்மா, அது போதும்" என்றார் தம்பி.

செடிக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை நம்பி ஜெபமணி என்கிறவளுடைய வேலை இருந்தது. அவள் வேலை எப்படிப் போகப் பார்த்தது, எப்படி நின்றது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஸ்டேஷன் பெயரை எழுத வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதன் பெயர் இப்போது என்ன என்று சரியாகத் தெரியாது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. பேர் பாக்கியம். சின்ன வயசிலிருந்து தோல் கம்பெனியில் வேலை. தோலில் ஒட்டின உப்பைத் தட்டுவேன், காயப் போடுவேன், ஓரம் வெட்டுவேன். ஜெபமணி திமிரிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். ஷூ கம்பெனியில் தையல் மிஷின். அவள் வீட்டுக்காரர் கம்பெனியில் தோல் மூட்டை சரிந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் சம்பளம் வாங்குகிற கை அவள் கை ஒன்றுதான். ஆர்டர் கம்மியாகி ஷூ கம்பெனியிலும் தோல் கம்பெனியிலும் ஆளைக் குறைத்த போது ரெண்டு பேரும் ஒரே மாசத்தில் வீட்டுக்கு வந்தோம்.

அப்போதுதான் ஆள் பிடிக்கிற மேஸ்திரி வந்தார்.

"பட்டணத்துல தரைக்கு அடியில ரயிலு உடப் போறாங்க. கூட்டித் தொடைக்க ஆளு வேணுமாம். நாத்தத்துக்கு மூக்குப் பழகின பொம்பளைங்களா கேக்குறாங்க."

"அங்க இன்னா நாத்தம்?" என்றாள் ஜெபமணி.

"ஒரு நாத்தமும் இல்லம்மா. ஃபுல்லா ஏசி."

"அப்ப எங்க மூக்கு எதுக்கு?"

மேஸ்திரிக்கு அது தெரியவில்லை. அவருக்குச் சொல்லி அனுப்பினதைத்தான் அவர் சொன்னார். நாங்களும் போனோம். வாரம் பூரா பட்டணத்தில் ஒரு வாடகை வீட்டில் பத்துப் பதினைந்து பேர். சனிக்கிழமை சாயந்திரம் ரயிலேறி ஊருக்கு வருவோம், திங்கள் விடிகாலையில் திரும்பிப் போவோம்.

நாங்கள் போன போது ஸ்டேஷன்களுக்கெல்லாம் பெயர் வைக்கவில்லை. காகிதத்தில் நம்பர்தான் இருந்தது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்று 'களிமண்'. அங்கே போய்விட்டு வந்தால் செருப்பு ரெண்டு கிலோ கனக்கும். அடுத்தது 'பாறை'. சுரங்கம் தோண்டுகிற மிஷினுக்கு அங்கே பல்லு உடைந்து மாசக்கணக்கில் நின்று போனதாம். பெரிய பெரிய அதிகாரிகள் வந்து மிஷினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்துப் பூசை பண்ணினார்களாம். தேங்காய் உடைந்தது, பாறை உடையவில்லை. அப்புறம் 'நாய்'. படியே கட்டி முடிக்காத ஸ்டேஷனுக்குள் ஒரு நாய் எப்படியோ இறங்கிக் குட்டி போட்டிருந்தது. அந்த லைனில் முதலில் குடும்பத்தோடு வந்து இறங்கியது அதுதான். புத்தகத்தில் அதன் படம் இல்லை.

எங்கள் ஸ்டேஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'கிணறு'. மேலே ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தவர், இந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு கிணறு இருந்ததாகவும் எந்தக் கோடையிலும் அது வற்றினதில்லை என்றும் டீ குடிக்க வருகிற எல்லாரிடமும் சொல்வார். ஸ்டேஷன் கட்டின இன்ஜினியர்களும் அவரிடம்தான் டீ குடித்தார்கள்.

அப்புறம் நிஜப் பெயர் வந்தது. பெரிய போர்டு, ஒளிர்கிற எழுத்து. கொஞ்ச நாளில் அந்தப் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்த்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு எழுத்து சிறிசாக இருக்கிறது என்று கிழித்துவிட்டு வேறு ஒட்டினார்கள். அப்புறம் ஊர்ப் பெயர் மேலே வர வேண்டுமா ஆள் பெயர் மேலே வர வேண்டுமா என்று தகராறு. ஸ்டேஷனுக்குப் பெயர் வைப்பது என்றால் எனக்குத் தெரிந்து பசை சுரண்டுகிற வேலை. ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறி, தின்னர் தொட்டு நகத்தால் சுரண்டுவோம். கீழே நின்று ஏணி பிடிக்கிற ஜெபமணி, "அக்கா, இந்தப் பேரு நல்லா ஒட்டிக்கிச்சா, இல்ல இதுவும் வந்துடுமா?" என்பாள். பிரயாணம் பண்ணுகிறவர்களோ கடைசி வரைக்கும் டிக்கெட் கவுன்டரில், "அந்தப் பழைய சினிமாக் கொட்டாய் ஸ்டாப்பு ஒண்ணு குடுப்பா" என்றுதான் கேட்டார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பரந்தாமன் சார். கான்ட்ராக்ட் எடுத்தவர்களுடைய மேனேஜர். முன்னால் ஒரு பெரிய ஓட்டலில் இருந்தவராம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குரலே உயராது. சட்டைப் பையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். அதை விரலில் சுற்றிக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் ஒரு இழுப்பு இழுப்பார். கைக்குட்டையை எங்களுக்குக் காட்ட மாட்டார். அவரே பார்த்துக்கொண்டு, "ம்" என்பார். சாதாரணமாக எங்களை "ம்மா" என்று கூப்பிடுவார். "மேடம்" என்று கூப்பிட்டால் சீட்டுக் கிழியப் போகிறது என்று அர்த்தம். அவர் வாயால் ரெண்டு தடவை மேடம் ஆனவர்கள் யாரும் மறுவாரம் எங்களோடு ரயிலேறினதில்லை.

வேலை நன்றாகவே கற்றுக் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். கக்கூசுக்குச் சிவப்புத் துணி, கண்ணாடிக்கு நீலம், மேசை நாற்காலிக்குப் பச்சை. ஒன்றை இன்னொன்றில் தொட்டால் அன்றைக்கு முழுக்க மாடிப்படி துடைக்கிற வேலைதான். மாப்பு போடும் போது எட்டு எழுதுகிற மாதிரி வளைத்து வளைத்துப் பின்னால் நடந்து வர வேண்டும். துடைத்த இடத்தில் காலை வைக்கக் கூடாது. ரெண்டு பக்கெட், ஒன்று அலச, ஒன்று நல்ல தண்ணி. ஈரத் தரையில் மஞ்சள் போர்டு வைக்காமல் யாரும் நகரக் கூடாது.

அதைவிடப் பெரிய பாடம் வார்த்தைகள். குப்பை என்று சொல்லக் கூடாது, வேஸ்ட். தொடப்பம் இல்லை, பிரஷ். யாராவது வாந்தி எடுத்துவிட்டால் எங்கள் கையில் கொடுத்திருந்த வாக்கி டாக்கி மைக்கில் "ஸ்பில்" என்று சொல்ல வேண்டும். வாணியம்பாடி ஷாஹின் என்று ஒரு சின்னப் பெண் எங்களோடு இருந்தாள். அவள் முதல் நாள், "சார், ஸ்பில்லு எடுத்தவரு இன்னொரு தபா ஸ்பில்லு எடுக்கப் போறாரு, ஓடியாங்க" என்று மைக்கில் சொன்னாள். பரந்தாமன் சார் அதற்குக்கூடச் சிரிக்கவில்லை. உச்சரிப்பைத் திருத்தினார்.

திறப்பு விழாவைப் பற்றிப் புத்தகத்தில் ஆறு ஏழு பக்கம் இருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் ஒன்றும் பார்க்கவில்லை. வருகிறவர்கள் கண்ணில் பக்கெட் படக் கூடாது என்று எங்களை எல்லாம் சாமான் வைக்கிற ரூமில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேளம் கேட்டது, கைதட்டல் கேட்டது, ரயில் கிளம்புகிற சத்தம் முதுகுச் சுவரில் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, "சீக்கிரம் வாங்கம்மா, எங்க பாத்தாலும் பூ" என்றார் சார். அவ்வளவுதான் நான் கண்ட விழா.

சனங்கள் வர ஆரம்பித்த பிறகு வேடிக்கையாக இருந்தது. தரை பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் ஓடுகிற படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறிப் போனார்கள். போனவர்கள் வேறு வாசலில் வெளியே போய்விடுவார்கள். செருப்பு மாத்திரம் எங்களோடு இருக்கும். ஆம்பூர்க்காரிகள் நாங்கள் சும்மா இருப்போமா, திருப்பித் திருப்பிப் பார்த்துத் தையல் சரியில்லை, பசை சரியில்லை என்று பேசுவோம். "நம்ம வேல போனதுக்கு இதான் காரணம், இத யாரு தெச்சது?" என்பாள் ஜெபமணி.

முதல் மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில், ரயில் வந்து நிற்கிற பிளாட்பாரத்தில், ஒரு தூணுக்கு அடுத்த சுவரில் தண்ணி இறங்க ஆரம்பித்தது. அது ஜெபமணியின் ஏரியா. மேலே கூரை ஓரத்தில் முத்து முத்தாகக் கட்டி, கோடு கோடாக இறங்கித் தரையில் தேங்கும். அவள் போய் பரந்தாமன் சாரைக் கூட்டி வந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சார், சொவரு ஒழுவுது."

அவர் முதலில் சுவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாராவது கேட்டார்களா என்று பார்த்தார்.

"ஒழுகுதுன்னு சொல்லாதீங்கம்மா."

"கசியுது சார்."

"அதுவும் வேணாம்."

"பின்ன இன்னா சார் சொல்றது, அழுவுதுன்னா?"

"வேர்க்குதுன்னு சொல்லுங்க" என்றார் மெதுவாக. "ஏசி ஓடுற எடத்துல சொவரு வேர்க்கும். கூல்டிரிங்ஸ் பாட்டில் வேர்க்குதுல்ல? அந்த மாதிரி. தரைக்கு அடியில நிக்கிறவங்க காதுல ஒழுகுதுன்னு வுழுந்தா, மேல இருக்குற ஆறு, ஏரி எல்லாம் உள்ள வருதுன்னு ஓட ஆரம்பிச்சுடுவாங்க."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அன்றையிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் மைக்கில் வேர்வைக் கணக்குச் சொல்ல வேண்டும். "சார், இன்னிக்கு சொவருக்கு வேர்வ ஜாஸ்தி." "சார், இன்னிக்குக் கம்மி." எனக்கு மைக் என்றாலே நடுக்கம். ஆனால் தினமும் சொல்லிச் சொல்லி அந்த ஒரு வரி மாத்திரம் எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும். ஜெபமணிதான் ஒரு நாள், "சார், வேர்வ ரொம்ப ஜாஸ்தி, காய்ச்சல் இருக்குதான்னு தொட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

"மேடம்" என்றார் சார். மறுநாளிலிருந்து அவளும் ஜாஸ்தி, கம்மியோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த இடத்தில் மஞ்சள் போர்டு வைக்கலாமா என்றால், கூடாது. அது தினமும் அங்கேயே நின்றால் அங்கே தினமும் ஈரம் என்று ஆகிவிடும். பக்கெட் வைக்கலாமா என்றால், பக்கெட் கண்ணில் படக் கூடாது. சார் ஒரு நாள் பூரா யோசித்துப் பெரிய பித்தளைக் கலர்த் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். அதில் ஆள் உயரத்துக்கு பிளாஸ்டிக் செடி, மஞ்சளும் சிவப்புமாகப் பூ. தண்ணி சொட்டுகிற இடத்துக்கு நேராக அதை வைத்தார். சொட்டு இலையில் விழுந்து, சத்தமில்லாமல் தொட்டிக்குள் இறங்கிவிடும். நிரம்பினால் ஜெபமணி செடியைத் தூக்கிவிட்டுத் தொட்டியைக் காலி பண்ணுவாள். பிளாஸ்டிக் செடிக்கு நாள் பூரா தண்ணி ஊற்றின ஸ்டேஷன் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பார்வையிட வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். சூரிய வெளிச்சமே இல்லாத இடத்தில் செடி எப்படி இவ்வளவு பசுமையாக இருக்கிறது, இலையில் பாருங்கள் பனித்துளி மாதிரி என்று ஒருவர் மெச்சினார். பரந்தாமன் சார், "பராமரிப்பு சார்" என்றார். அப்படித்தான் அது புத்தகத்தில் ஏறியது.

இனி எழுதுவதுதான் கஷ்டமான சங்கதி.

ஒரு மழை நாளில் மேலே நுழைவாசலுக்கு யாரோ முக்கியமானவர் வருகிறார் என்று சொன்னார்கள். வாசல் வெறிச்சென்று இருக்கிறது, அந்தச் செடியைக் கொண்டு போய் மேலே வையுங்கள் என்றார் சார். ஜெபமணி, "சார், அப்ப கீழ?" என்று கேட்டாள். "ஒரு மணி நேரந்தானம்மா, பாத்துக்குங்க" என்றார். அவள் துணியை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். முக்கியமானவர் வர லேட்டானது. செடி மேலேயே நின்றது. நடுவில் கக்கூசில் தண்ணி அடைத்துக்கொண்டது என்று மைக்கில் அவளைக் கூப்பிட்டார்கள். போகாவிட்டாலும் திட்டு. அவள் போன நேரத்தில் வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர் ரயிலைப் பிடிக்க வேகமாக வந்து அந்த ஈரத்தில் சறுக்கி விழுந்தார். கையை ஊன்றினதில் மணிக்கட்டு ஒடிந்தது. நான் எதிர்ப்பக்கம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்த் தூக்கினேன். அவர் வலியிலும், "பரவாயில்லம்மா, நாந்தான் பாக்காம வந்துட்டேன்" என்றார். அவர் மகன் அப்படி விடவில்லை, புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பரந்தாமன் சார் ஜெபமணியைக் கூப்பிட்டார். குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

"சொவரு வேர்க்கும். ஆனா தரை நனையுற அளவுக்கு வேர்க்காது. அப்ப அந்தத் தண்ணி எங்கேருந்து வந்திருக்கும்? மாப்புலேருந்து. அந்த ஏரியா மாப்பு யாருது? உங்களுது. மஞ்சள் போர்டு வச்சீங்களா? வைக்கல. அப்ப தப்பு யாருது, மேடம்?"

திங்கட்கிழமை பெரிய அதிகாரி முன்னால் விசாரணை. அஜாக்கிரதை என்று முடிவானால் இந்த வேலை போகும், வேறு எந்தக் கான்ட்ராக்டிலும் பெயர் ஏறாது.

அந்தச் சனிக்கிழமையும் எப்போதும் போல ஊருக்கு ரயிலேறினோம். அரக்கோணம் வந்த பிறகு டீ வாங்கினோம். ஷாஹின்தான் ஆரம்பித்தாள்.

"பேஜார் புடிச்ச சொவரு. அதுக்கு வேர்த்தா நமக்கு வேல போவுது. எங்க ஊட்டு சொவரு ஒழுவுது, அதால யாரு வேலயாச்சும் போச்சா?"

"செடிய மேல கொண்டு போவ சொன்னது அவுருதான்னு சொல்லுக்கா" என்றாள் இன்னொருத்தி.

"சொல்லலாம்டி" என்றாள் ஜெபமணி. "பிளாஸ்டிக் செடி மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா, அதுக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம்னு கேப்பாங்க. சொவரு ஒழுவுதுன்னு சொல்லணும். அத கட்டின இன்ஜினியருதான் விசாரிக்க வர்றாராம். அவரு மூஞ்சிக்கு நேரா நீ கட்டின சொவரு ஒழுவுதுன்னு சொன்னா வேலய குடுத்துடுவாரா?"

காட்பாடி தாண்டின பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கிட்ட இருந்தது நீ ஒருத்திதான். உன்னையும் கூப்புடுவாங்க. நடந்தத சொல்லுவியா?"

"எனக்கு வாய் வராதே, ஜெபமணி."

"தெரியும். உன்னப் போயி சாட்சிக்கு வச்சான் பாரு அந்தக் கடவுளு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பெரியவளுக்கு நர்சு படிப்புக்கு சீட்டு கெடச்சிருக்குது. இத அவகிட்ட சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். சுவர் ஒழுகுகிறது, செடியை எடுக்கச் சொன்னார்கள், ஜெபமணி துணியோடு நின்றாள், அவளை வேறு இடத்துக்குக் கூப்பிட்டார்கள். நாலு விஷயம். மருமகளிடம் ஒரு தடவை ஒப்பித்தேன், தப்பில்லாமல் வந்தது.

விசாரணை ரூமில் ஏசி குளிர் எலும்பில் ஏறியது. பெரிய அதிகாரி நடுவில். பக்கத்தில் பரந்தாமன் சார். ஓரத்தில் கட்டுப் போட்ட கையோடு பெரியவர், அவர் மகன். ஜெபமணி சுவரோரம் நின்றாள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் நாலு விஷயமும் போய்விட்டது.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "அந்த எடத்துல தண்ணி எப்படி வந்துச்சு?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். என் வாயில் ஒரு வரிதான் இருந்தது.

"சொவரு வேர்க்கும் சார்."

"என்னது?"

"சொவரு வேர்க்கும் சார்."

"எப்ப?"

"எப்பவும் சார். மழை நாள்ல ஜாஸ்தி. வெயில் நாள்ல கம்மி."

"தரை நனையுற அளவுக்கா?"

"தொட்டி நெறையுற அளவுக்கு சார்."

ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டாள். பரந்தாமன் சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் ஒற்றினார். அது வரைக்கும் அந்தக் கைக்குட்டை அவர் முகத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

"வேர்க்குதுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்றார் அதிகாரி.

"சார்தான் சொன்னாரு சார். தெனமும் அவருகிட்டதான் சொல்றோம்."

அதிகாரி பரந்தாமன் சாரைப் பார்த்தார். பரந்தாமன் சார் இல்லை என்று சொல்ல முடியாது, அவர் வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் மாப்புத் தண்ணி என்று அவர் எழுதினது போகும். நான் தொலைந்தேன் என்று நினைத்தேன், ஜெபமணியும் தொலைந்தாள் என்று நினைத்தேன். ஆனால் அதிகாரியின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. இங்கிலீஷில் ஒரு நீளமான வார்த்தையைச் சொன்னார். அதற்கும் வேர்வை என்றுதான் அர்த்தமாம்.

"அப்ப இது கட்டட விஷயமே இல்ல. ஏசி விஷயம்" என்றார். "குளிர் ஜாஸ்தியா வச்சிருக்காங்க. சொவரு வேர்க்காம என்ன பண்ணும்?"

"அதான் சார், நானும் ஆரம்பத்துலேருந்து சொல்றேன்" என்றார் பரந்தாமன் சார்.

ஒழுகினால் அதைக் கட்டின அதிகாரி தலை போகும். மாப்பு என்றால் ஜெபமணி தலை போகும். வேர்வை என்றால் ஏசிக்காரர்கள் தலைதான், அவர்களோ அந்த ரூமில் இல்லை. எல்லாருக்கும் பிடித்துப் போய்விட்டது. பெரியவரின் மகனுக்கு வருத்தம் தெரிவித்தார்கள். பெரியவர் மாத்திரம் வெளியே வரும் போது என்னிடம் குனிந்து, "ஏம்மா, நெசமா வேர்வைதானா?" என்று கேட்டார். "படி இருக்குதுங்கய்யா, பாத்துப் போங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

படியேறும் போது ஜெபமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு விஷயம் சொல்றேன்னியே, இன்னாக்கா ஆச்சு?" என்றாள். "மறந்துட்டேன்" என்றேன். "நல்லா மறந்த போ" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தப் பிளாட்பாரத்தில் ஏசியைக் குறைத்தார்கள். சனங்களுக்கு வேர்த்தது, சுவருக்கும் நிற்கவில்லை. இன்னும் குறைத்தார்கள். ரயிலுக்கு நின்றவர்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள், சுவர் அது பாட்டுக்கு வேர்த்தது. கடைசியில், வேர்வையைத் துடைக்க அந்த இடத்தில் தனியாக ஒரு ஆள் போடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஜெபமணியைப் போட்டார்கள். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டதால் சுவர் வேர்வைக்கு என்று மஞ்சள் துணி கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், அதில் 'ஈரப்பதப் பராமரிப்பு' என்று போட்டிருந்தது. கக்கூசும் இல்லை, மாடிப்படியும் இல்லை. மேலேயிருந்து கீழே ஒரு இழுப்பு, பிழிவது, மறுபடி ஒரு இழுப்பு. பெரியவள் நர்சு படிப்பை அந்தச் சுவரை வைத்துத்தான் முடித்தாள். கை சரியான பிறகு அந்தப் பெரியவர் அந்தப் பக்கம் வரும் போதெல்லாம் நிற்பார்.

"இன்னிக்கு எப்படிம்மா இருக்கு உன் சொவரு?"

"வேர்க்குதுங்கய்யா."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார்.

பரந்தாமன் சாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது புதுசாகச் சேருகிறவர்களுக்கு வார்த்தை கற்றுக் கொடுக்கிறாராம். எனக்கு முட்டி தேய்ந்து, வயசும் ஆகி, நின்றுவிட்டேன்.

போன மாசம் ஷாஹின் ஊருக்கு வந்திருந்தாள். இப்போது அவள்தான் அங்கே சூப்பர்வைசர். சுவருக்கு ஊசி போடப் போகிறார்களாம். புதுசாக ஒரு கம்பெனி. சுவரில் ஓட்டை போட்டு என்னவோ மருந்தை ஏற்றினால் உள்ளேயே கெட்டியாகி ஈரம் நின்றுவிடுமாம். "நின்னுடுச்சுன்னா?" என்று கேட்டேன். ஷாஹின் தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்து ஒடித்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. "வேர்வ இல்லன்னா தொடைக்க ஆளு எதுக்குன்னு கேப்பாங்க பாக்கியம்மா. நான் இன்னா சொல்ல முடியும்?" ஜெபமணியின் சின்னவள் இன்னும் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள். ஜெபமணியை இந்த வயசில் வேறு எங்கே எடுப்பார்கள்.

நல்ல காரியம்தான் செய்கிறார்கள். ஒழுகுகிற சுவரை அடைக்கத்தான் வேண்டும், இன்னொரு பெரியவர் விழக் கூடாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கறுத்துக்கொண்டு மேகம் வந்தால் நான் துணியை எடுக்க ஓடுவதற்கு முன்னால் பட்டணத்துத் திசையைப் பார்க்கிறேன். இப்போது திமிரிப் பக்கம் தாய் வீட்டோடு குடி போய்விட்ட ஜெபமணி, ஞாயிற்றுக்கிழமை அங்கே சர்ச்சில் மழைக்காகத் தவறாமல் ஜெபம் பண்ணச் சொல்கிறாளாம். பயிர் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இவ்வளவு நல்ல மனசா என்று அவளைப் புகழ்கிறார்கள்.

அவளையே போனில் கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டேன். "நான் நல்லா இருக்கேன்க்கா, சொவரும் நல்லா இருக்குது" என்கிறாள். சுவர் நல்லா இருக்கிறது என்றால் காய்ந்துவிட்டது என்றா, காயவில்லை என்றா? அவள் வேலை போயிருந்தாலும் என்னிடம் அதையேதான் சொல்வாள், எனக்கு அவளைத் தெரியும்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். 'நாய்' முதலில் வருமா 'பாறை' முதலில் வருமா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஸ்டேஷன் பெயர்களையும் வரிசையையும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதவில்லை, அதனால் நீங்கள் இறங்குகிற எல்லா ஸ்டேஷனிலும் கீழ்த்தளத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், இங்கே ஷூ கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டு வைக்க வேண்டும். எங்கேயாவது ஈரமாக இருந்தால், பக்கத்தில் மஞ்சள் துணியோடு ஒருத்தி நிற்பாள். அவளிடம் கையை நீட்டுங்கள், துடைத்து விடுவாள்.